ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி.யா? ஊதிப் பார்த்து உறுதி செய்வது எப்படி: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் கட்டிலுக்கு அருகே ஒரு நீல பம்ப் (இன்ஹேலர்) இருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். என்ன நோய் என்று கேட்டால் "ஆஸ்துமா" என்பார்கள். சிலர் "நெஞ்சு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எதை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால், எக்ஸ்ரே எடுத்தார்கள், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள் என்று பதில் வரும். ஊதிப் பார்த்தார்களா என்று கேட்டால் பலருக்கு அப்படி ஒரு பரிசோதனை இருப்பதே தெரியாது.

டர்பனில் ஸ்பைரோமெட்ரி என்னும் அந்த ஊதும் பரிசோதனையைச் செய்து தருவதுதான் என் வேலை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது எல்லோரும் சொல்லும் சி.ஓ.பி.டி., இருக்கிறதா இல்லையா என்பதை ஸ்பைரோமெட்ரி இல்லாமல் உறுதி செய்ய முடியாது. எக்ஸ்ரே போதாது. அனுபவமுள்ள டாக்டரின் காதும் போதாது. ஸ்பைரோமெட்ரி செய்துவிட்டாலும், ஒழுங்காக ஊதியிருந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. உங்கள் அப்பாவையோ ஆயாவையோ அழைத்துக்கொண்டு போகப்போகிறவர் நீங்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இயந்திரம் எதை அளக்கிறது

நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, முழு வேகத்தில், கடைசித் துளி வரை வெளியே தள்ள வேண்டும். அப்படித் தள்ளிய மொத்தக் காற்றின் அளவு எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு நொடிக்குள் வெளியே வந்தது எஃப்.இ.வி.1. எஃப்.இ.வி.1-ஐ எஃப்.வி.சி.யால் வகுத்தால் வருவதைத்தான் விகிதம் என்கிறோம். ஆரோக்கியமான நுரையீரலில் மொத்தக் காற்றில் முக்கால் பங்குக்குக் குறையாமல் முதல் நொடியிலேயே வந்துவிடும். வயது ஏற ஏற இது கொஞ்சம் குறையும்.

சி.ஓ.பி.டி.யில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து வரும். சிறிய மூச்சுக்குழாய்கள் வீங்கி, சளி சேர்ந்து குறுகிப்போகின்றன. அவற்றைச் சுற்றித் தாங்கிப் பிடிக்க வேண்டிய காற்றுப்பைகளின் சுவர்களோ, பழைய எலாஸ்டிக் போலத் தளர்ந்து கிழிகின்றன. மூச்சை வெளியே விடும்போது குழாய்கள் மூடிக்கொள்கின்றன. காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. மாட்டிய காற்றுக்கு மேலேயே அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருப்பதால்தான் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இந்த அடைப்பைத்தான் முதல் நொடியின் அளவு காட்டிக்கொடுக்கிறது.

1840-களில் இங்கிலாந்தில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஸ்பைரோமீட்டரை உருவாக்கினார். முதல் நொடியைத் தனியாக அளக்கும் யோசனையை நூறு ஆண்டு கழித்து, 1947-இல், பிரான்சின் ராபர்ட் டிஃபனோ கொண்டு வந்தார். இன்றைய இயந்திரம் கையளவுதான், ஆனால் கணக்கு அதேதான்.

யார் ஊதிப் பார்க்க வேண்டும்

வயது 40-ஐத் தாண்டியிருந்து, மூச்சு வாங்குவது, விடாத இருமல், சளி, அடிக்கடி நெஞ்சில் சளி கட்டுவது, இதில் எது இருந்தாலும் கேளுங்கள். "வயசாகிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். நம்மவர்கள் மூச்சு வாங்குவதைச் சொல்வதில்லை, நடையைக் குறைத்துக்கொள்வார்கள். கோயில் படி ஏறுவது நிற்கும், கடைக்குப் போவது நிற்கும். அப்புறம் குளிக்கும்போதுகூட ஸ்டூல் போட்டு உட்காருவார்கள். அதனால் "மூச்சு வாங்குதா?" என்று கேட்காதீர்கள். "போன வருஷம் செய்த எந்த வேலையை இப்போ செய்றதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள்.

புகையைப் பற்றிக் கேட்கும்போதும் கவனம் வேண்டும். டாக்டர்கள் பாக்கெட் கணக்கில் கேட்பார்கள்: ஒரு நாளைக்கு 20 சிகரெட் வீதம் ஒரு வருடம் பிடித்தால் ஒரு பாக்கெட்-ஆண்டு. ஆனால் நம் ஊரில் பாதிப் பேர் மூலைக்கடையில் லூஸ் சிகரெட் வாங்கியே பழகியவர்கள். அவர்களுக்குப் பாக்கெட் கணக்கு வராது, "கொஞ்சம்தான்" என்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை, எந்த வயதில் ஆரம்பித்தது, எப்போது விட்டது என்று எண்ணிக்கையில் கேளுங்கள். தினமும் 10 வீதம் 30 ஆண்டு என்றால் அது 15 பாக்கெட்-ஆண்டு, கொஞ்சம் இல்லை. 2020 ஊரடங்கில் சிகரெட் விற்பனை தடைபட்டிருந்த மாதங்களில் சிலர் விட்டார்கள், பிறகு திரும்பத் தொடங்கினார்கள். அதையும் சொல்ல வேண்டும். டாக்காவும் (கஞ்சா) ஹப்ளியும் (ஹூக்கா) கணக்கில் சேரும். டாக்டர் முன்னால் மகன் உட்கார்ந்திருந்தால் அப்பா அதைச் சொல்ல மாட்டார் என்பதால், அவரைத் தனியாகப் பேச விடுங்கள்.

ஒரு சிகரெட்டும் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. விறகடுப்பிலும் பாரஃபின் அடுப்பிலும் பல ஆண்டு சமைத்தவர்கள், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பெரிய பானை வைத்து விறகுப் புகையில் நின்றவர்கள், கணவரின் சிகரெட் புகையை நாற்பது வருடம் சுவாசித்தவர்கள், துணி ஆலைத் தூசியில் வேலை பார்த்தவர்கள், இவர்கள் எல்லோரும் அபாயத்தில் இருப்பவர்களே. கரும்புத் தோட்டம், சர்க்கரை ஆலை, பெயிண்ட் ஸ்ப்ரே, வெல்டிங், சுரங்கம் என்று அந்தக் கால வேலை எதையும் விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மெரீபேங்க், வென்ட்வொர்த் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே வாழ்ந்தவர்கள் அதையும் சொல்லலாம்.

இந்த நாட்டில் இன்னொரு பெரிய காரணம் உண்டு, அது காசநோய். முன்பு டி.பி. வந்து மாத்திரை முடித்துக் குணமானவர்களின் நுரையீரலில் வடு தங்கிவிடுகிறது. கிருமி போய்விட்டாலும் அடைப்பு இருக்கக்கூடும். 2007-இல் லான்செட் இதழில் வெளியான போல்ட் ஆய்வு உலகின் 12 இடங்களில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களை ஊத வைத்துப் பார்த்தது. அதில் கேப் டவுனில்தான் நோய் உள்ளவர்களின் பங்கு மிக அதிகம். நடுத்தர நிலை அல்லது அதைவிட மோசமான அடைப்பு, ஆண்களில் 22.2 சதவீதம் பேருக்கும் பெண்களில் 16.7 சதவீதம் பேருக்கும் இருந்தது. அது டர்பன் கணக்கு இல்லைதான். ஆனாலும் புகை, டி.பி., தூசி மூன்றும் சேரும் இடத்தில் என்ன ஆகும் என்பதை அது காட்டுகிறது.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் சும்மா ஒரு செக்கப்பாக ஊதிப் பார்க்கத் தேவையில்லை.

முதலில் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. ஸ்பைரோமெட்ரி என்றால் மூடிய அறையில் முழு பலத்தோடு ஊதுவது, நடுவில் இருமுவது. உள்ளே காசநோய்க் கிருமி இருந்தால் அந்த அறையில் இருப்பவருக்கும், அடுத்து வருபவருக்கும் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவில் உடை நனையும் அளவு வியர்வை, காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம், இதில் ஏதாவது இருந்தால் முதலில் கிளினிக்குக்குப் போய்ச் சளி கொடுங்கள். சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை 2011 முதல் இந்த நாட்டின் அரசுக் கிளினிக்குகளில் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இருமல் எத்தனை நாளாக இருந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும்.

மார்பு எக்ஸ்ரே இங்கேதான் உதவும். சி.ஓ.பி.டி.யை உறுதி செய்ய அதனால் முடியாது. ஆனால் டி.பி., புற்றுநோய், இதயம் வீங்கியிருப்பது, நுரையீரலைச் சுற்றி நீர் என மூச்சு வாங்க வைக்கும் மற்றக் காரணங்களைக் காட்டிக்கொடுக்கும்.

எங்கே போவது, எப்போது போவது

பொது மருத்துவத்தில் வழி கிளினிக்கில் தொடங்குகிறது. அங்கே இயந்திரம் இல்லை என்றால், ஆர்.கே. கான் போன்ற மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். சிக்கலான சோதனைகளுக்கு அங்கிருந்து இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அங்கே கடிதம் இல்லாமல் நேராகப் போக முடியாது. மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள் நுரையீரல் மருத்துவரிடமோ, கருவி வைத்திருக்கும் குடும்ப டாக்டரிடமோ போகலாம். டாக்டரிடம் "லங் ஃபங்ஷன் டெஸ்ட், பம்ப் கொடுத்த பிறகும் ஒரு முறை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பம்ப் கொடுக்காமல் ஊத வைத்து அனுப்பிவிட்டால், அடைப்பு தெரிந்தவருக்கு வேலை பாதியில் நிற்கிறது.

நெஞ்சில் சளி கட்டி, ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிடும் சமயத்தில் போகாதீர்கள். அப்போது யாருடைய எண்ணும் மோசமாகத்தான் வரும். உடம்பு தேறி ஆறு வாரமாவது ஆகட்டும்.

சில நிலைமைகளில் தள்ளிப்போட வேண்டும்: ஒரு வாரத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், கண் அறுவை முடிந்து ஒரு வாரம் ஆகாதவர்கள், மார்பிலோ வயிற்றிலோ தலையிலோ அறுவை நடந்து நான்கு வாரம் ஆகாதவர்கள், நுரையீரலில் காற்று கசிந்திருப்பவர்கள், சளியில் ரத்தம் வருகிறவர்கள். கேடராக்ட் ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டிகள் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

முந்தின நாளும் அன்று காலையும்

பம்பை நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். ஆஸ்துமாவா சி.ஓ.பி.டி.யா என்று பிரிக்க வேண்டுமானால் பொதுவாக நீல பம்பை 4 முதல் 6 மணி நேரம், 12 மணி நேரம் வேலை செய்யும் நீண்ட நேர மருந்துகளை 24 மணி நேரம், நாளுக்கு ஒரு முறை எடுப்பவற்றை 36 முதல் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் மூச்சு முட்டினால் பம்பை எடுத்தே ஆக வேண்டும். எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு எங்களிடம் சொன்னால் போதும். சோதனைக்காக ஒருவர் தவிப்பதில் அர்த்தமே இல்லை.

சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு சிகரெட்டும் கடும் நடையும் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது, ஆனால் வெறும் வயிற்றோடும் வரக் கூடாது. புரட்டாசி விரதத்திலோ காவடி விரதத்திலோ இருப்பவர்கள் பலமாக ஊதும்போது தலை சுற்றி விழக்கூடும். தேதியை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். புடவை கட்டுபவர்கள் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டாம், வயிறு விரிய இடம் வேண்டும். பற்செட் கெட்டியாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம், ஆடினால் கழற்றிவிடுங்கள். ஊதுவதற்கு முன் பாத்ரூம் போய் வருவது முக்கியம். முக்கி ஊதும்போது சிறுநீர் கசியுமோ என்ற பயத்தில் பாதி பலத்தோடு ஊதும் பெண்கள் நிறைய. அவர்கள் அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

ஐ.டி., பழைய எக்ஸ்ரே, பழைய ஊதல் தாள், எல்லா பம்ப்களும் மாத்திரைகளும் பையில் இருக்கட்டும்.

அந்த அறைக்குள்

உயரத்தைச் செருப்பில்லாமல் அளப்போம். முதுகு வளைந்தவர்களுக்குக் கைகளை விரித்து அந்த நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுவோம். "டிரைவிங் லைசென்ஸ் எடுத்தப்போ அஞ்சு அடி எட்டு" என்று சொல்வதை எழுதிக்கொண்டால், உயரத்தை வைத்துக் கணக்கிடும் எல்லாச் சதவீதமும் தவறிப்போகும். கருவியையும் அன்றன்று 3 லிட்டர் சிரிஞ்சால் சரிபார்த்திருக்க வேண்டும், 3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. "இன்னைக்குக் காலிபிரேட் பண்ணீங்களா?" என்று கேட்பதில் தப்பில்லை. நன்றாக வேலை செய்கிறவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

நேராக நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். மூக்கில் கிளிப். குழாயைப் பற்களுக்கு நடுவே வைத்து உதடுகளால் இறுக்கி மூட வேண்டும், நாக்கு குழாயை அடைக்கக் கூடாது. இதற்கு மேல் இழுக்க முடியாது என்னும் வரை மூச்சை இழுத்து, நிறுத்தாமல் உடனே வெடிப்பதுபோல ஊத வேண்டும். பிறகு விடாமல், ஒன்றும் வராதபோதும், தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் ஒரே இழுப்பாக மூச்சை மறுபடி உள்ளே இழுக்க வேண்டும்.

முதியவர்கள் தடுமாறுவது அந்த நீண்ட முடிவில்தான். மூன்று நொடியில் "முடிஞ்சுது" என்று வாயை எடுத்துவிடுவார்கள். அடைப்பு உள்ளவருக்குக் காற்று மெதுவாக வரும், பத்துப் பன்னிரண்டு நொடிகூட வந்துகொண்டிருக்கும். சீக்கிரம் நிறுத்தினால் மொத்த அளவு குறைவாகப் பதிவாகி, விகிதம் நல்லதுபோலத் தெரியும், நோய் மறைந்துவிடும். அதனால்தான் நாங்கள் கத்துகிறோம். உள்ளே உங்களை அனுமதித்தால் நீங்களும் தமிழிலேயே சத்தம் போடுங்கள்: "தாத்தா, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க!" ஆங்கிலத்தில் நான் சொல்வதைவிட பேத்தியின் குரலுக்கு அவர் அதிகம் ஊதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

குறைந்தது மூன்று நல்ல ஊதல் வேண்டும், எட்டுக்கு மேல் யாரையும் வாட்டக் கூடாது. மிகப் பெரிய இரண்டு அளவுகளுக்கு நடுவே வித்தியாசம் 150 மில்லி லிட்டருக்குள் இருக்க வேண்டும், எஃப்.இ.வி.1-க்கும் எஃப்.வி.சி.க்கும் தனித்தனியாக. தலை சுற்றினால் சொல்லுங்கள், ஓய்வெடுத்துவிட்டுத் தொடரலாம்.

பம்ப் கொடுத்து மறுபடியும்

முதல் சுற்று முடிந்ததும், பம்ப்பில் மாட்டும் ஸ்பேசர் குழாயை வைத்து, நீல பம்ப்பின் மருந்தான சால்பியூட்டமால் நான்கு பஃப், மொத்தம் 400 மைக்ரோகிராம், ஒவ்வொன்றாகக் கொடுப்போம். 15 நிமிடம் காத்திருந்து மறுபடி அதே ஊதல். கை லேசாக நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். சி.ஓ.பி.டி. என்று சொல்ல, பம்ப் கொடுத்த பிறகு வரும் விகிதம்தான் தீர்ப்பு. முதல் சுற்றிலேயே விகிதம் 0.70-ஐத் தொட்டிருந்தால் சி.ஓ.பி.டி. இருக்க வாய்ப்புக் குறைவு, இரண்டாம் சுற்று தேவைப்படாமலும் போகலாம். குறைவாக இருந்தால் இரண்டாம் சுற்று கட்டாயம்.

தாளைப் படிப்பது

எண்களுக்கு முன், காற்று வெளிவந்த வேகத்தைக் காட்டும் படத்தைப் பாருங்கள். நல்ல ஊதலில் கோடு செங்குத்தாக ஏறி, கூர்மையான முனை தொட்டு, சாய்வாக இறங்கும். அடைப்பு இருந்தால் முனைக்குப் பிறகு கோடு உள்பக்கமாகக் குழிந்து தொய்ந்து இறங்கும். முனை மழுங்கியிருந்தால் தயங்கி ஊதியிருக்கிறார். நடுவில் பல்போல வெட்டு இருந்தால் இருமியிருக்கிறார். இறுதியில் கோடு திடீரென்று செங்குத்தாக விழுந்தால் பாதியில் நிறுத்தியிருக்கிறார். இப்படிப்பட்ட படத்தின் அடியில் என்ன எண் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். மறு பரிசோதனை கேட்பது உங்கள் உரிமை.

இப்போது எண்கள். விளக்கத்துக்காக நானே போட்ட மூன்று கணக்குகளைப் பாருங்கள்.

முதலாவது: 64 வயதுக்காரர், முப்பது வருடம் சிகரெட். பம்ப்புக்கு முன் எஃப்.இ.வி.1 1.60 லிட்டர், எஃப்.வி.சி. 2.90, விகிதம் 0.55. பம்ப்புக்குப் பின் 1.72, 3.05, விகிதம் 0.56. மருந்து கொடுத்தும் 0.70-க்குக் கீழேயே நிற்கிறது. தொந்தரவும் புகைப்பழக்கமும் சேர்ந்திருப்பதால் இது சி.ஓ.பி.டி. அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் எஃப்.இ.வி.1 2.50 லிட்டர் என்றால், 1.72 அதில் 69 சதவீதம். கோல்டு என்னும் சர்வதேச வழிகாட்டுதலின்படி 80-உம் அதற்கு மேலும் முதல் நிலை, 50 முதல் 79 வரை இரண்டாவது, 30 முதல் 49 வரை மூன்றாவது, 30-க்குக் கீழே நான்காவது. இவர் இரண்டாவது.

இரண்டாவது: 47 வயதுப் பெண், புகைத்ததே இல்லை, சிறுவயதிலிருந்து தும்மல், இரவில் இருமல். முன்பு 2.10, 3.10, விகிதம் 0.68. பின்பு 2.38, 3.25, விகிதம் 0.73. விகிதம் 0.70-ஐத் தாண்டிவிட்டது. எஃப்.இ.வி.1 280 மில்லி லிட்டர் கூடியிருக்கிறது. 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூட வேண்டும் என்ற பழைய விதிப்படியும் இது பெரிய மாற்றம். எதிர்பார்க்கும் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும் என்கிற 2022-இன் புதிய விதிப்படியும், அந்த அளவு 2.60 லிட்டராக இருந்தால், மாற்றம்தான். இங்கே ஆஸ்துமாவைத்தான் தேட வேண்டும். ஆனால் பம்ப்புக்கு எஃப்.இ.வி.1 நன்றாகக் கூடினாலே சி.ஓ.பி.டி. இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கும் அப்படிக் கூடுவதுண்டு, இரண்டும் சேர்ந்தும் இருக்கும்.

மூன்றாவது: முன்பு டி.பி. வந்தவர். எஃப்.இ.வி.1 1.45, எஃப்.வி.சி. 1.70, விகிதம் 0.85. விகிதம் அருமை, ஆனால் இரண்டு அளவுமே மிகச் சிறியவை. இது அடைப்பு இல்லை, நுரையீரலே சுருங்கியிருக்கலாம். உறுதி செய்ய மொத்த நுரையீரல் கொள்ளளவை அளக்கும் கண்ணாடிப் பெட்டிச் சோதனை வேண்டும். "விகிதம் நல்லா இருக்கு, ஒண்ணும் இல்லை" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

0.70 என்ற கோடு

இந்தக் கோடு எல்லா வயதுக்கும் ஒன்றே. அதனால் எண்பது வயதில் ஆரோக்கியமானவர்கூட 0.68-இல் விழலாம், நாற்பது வயதில் நோய் தொடங்கியவர் 0.72-இல் தப்பிக்கலாம். இதைச் சரிசெய்ய வயதுக்கேற்ற கீழ் எல்லையையும், சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் இசட்-ஸ்கோர் என்பதையும் தாளில் போடுவார்கள். மைனஸ் 1.64-க்குக் கீழே போனால் இயல்புக்கு வெளியே. கோட்டுக்கு அருகில், 0.60-க்கும் 0.80-க்கும் நடுவே விகிதம் வந்தால், ஒரு தாளை வைத்து முடிவு செய்யாமல் வேறொரு நாள் மறுபடி ஊதச் சொல்வதே முறை. ஆயுள் முழுக்கச் சுமக்கப்போகும் நோயின் பெயர் அது, இரண்டு முறை பார்ப்பதில் நஷ்டமில்லை.

இனம் கேட்கும் கட்டம்

இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு படிவத்தில் இனத்தைக் கேட்டாலே மனம் சுருங்கும். ஸ்பைரோமீட்டரும் நெடுநாள் அதைக் கேட்டது, பழைய மென்பொருளில் இன்னும் கேட்கிறது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு "எதிர்பார்க்கும் அளவு" தானாகக் குறைக்கப்படும். விளைவைப் பாருங்கள்: எதிர்பார்ப்பைக் குறைத்தால், சேதமான நுரையீரலும் தாளில் நல்ல சதவீதம் காட்டும். நிலை ஒன்று என்று எழுதப்படுபவர் உண்மையில் இரண்டில் இருக்கலாம். வேலையால் வந்த நோய்க்கு நஷ்டஈடு கேட்கும் தொழிலாளிக்கு அந்த வித்தியாசம் பணம், வாழ்க்கை.

இப்போது, இந்த எதிர்பார்க்கும் அளவுகளைக் கணக்கிடும் சர்வதேச ஜி.எல்.ஐ. குழு இனம் பார்க்காத உலகப் பொதுக் கணக்கை 2022-இல் வெளியிட்டிருக்கிறது, அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கமும் 2023-இல் அதைப் பரிந்துரைத்தது. உங்கள் தாளின் மூலையில் எந்தக் கணக்கு என்று சிறிய எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள். ஒரு நல்ல விஷயம், விகிதத்தை இந்தக் குழப்பம் அதிகம் தொடுவதில்லை. அது உங்கள் காற்றை உங்கள் காற்றாலேயே வகுப்பது. பழைய தாளையும் புதிய தாளையும் ஒப்பிடும்போது மட்டும் சதவீதத்தை விட்டுவிட்டு லிட்டரில் ஒப்பிடுங்கள். கணக்கு மாறியதால் சதவீதம் இறங்கியிருக்கும், நுரையீரல் அப்படியே இருக்கும்.

அதற்குப் பிறகு

உறுதியானதும் டாக்டர் மூச்சுத்திணறலின் அளவைக் கேள்விகளால் அளப்பார், கடந்த ஆண்டில் எத்தனை முறை மோசமானது என்று கேட்பார். மருந்து இவற்றைப் பொறுத்தே அமையும், நிலை எண்ணை மட்டும் பொறுத்து அல்ல. விரலில் ஆக்சிஜன் பார்ப்பார்கள். 92 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் தமனி ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். ஜோஹானஸ்பர்க் உயரமான ஊர் என்பதால் அங்கே எண் சற்றுக் குறைவாகத்தான் வரும், டர்பன் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். ஊதல் எண்கள் காட்டுவதைவிட அதிகமாக மூச்சு வாங்கினால், நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எப்படிப் போகிறது என்று பார்க்கும் வாயுப் பரவல் சோதனையும் சி.டி. ஸ்கேனும் தேவைப்படலாம், இதயத்தையும் பார்க்க வேண்டும். பரம்பரைக் குறை ஒன்றைக் கண்டறியும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற ரத்தப் பரிசோதனையை வாழ்க்கையில் ஒரு முறை எல்லா சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கும் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இளம் வயதிலேயே நோய் வந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

வீட்டில் வைத்து ஊதும் பீக் ஃப்ளோ மீட்டர் ஆஸ்துமாவைக் கண்காணிக்க நல்லது. சி.ஓ.பி.டி.யை உறுதி செய்ய அது போதாது.

தாளின் பிரதியை வாங்காமல் வெளியே வராதீர்கள். மெடிக்கல் எய்ட் உள்ளவர்களுக்கு சி.ஓ.பி.டி., சட்டப்படி எல்லாத் திட்டமும் பணம் கொடுத்தாக வேண்டிய நாள்பட்ட நோய்களின் பட்டியலில் இருக்கிறது. பதிவு செய்யும்போது அவர்கள் ஊதல் தாளைத்தான் கேட்பார்கள், பம்ப் கொடுத்த பிறகு எடுத்த எண் அதில் இருக்க வேண்டும். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் 1973-இன் சுரங்கத் தொழில் நோய்ச் சட்டத்தின் கீழும், தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் 1993-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் கோர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேலையை விட்டுப் பல வருடமாகியிருந்தாலும் கேட்கலாம். கணவர் இறந்துபோயிருந்தாலும் மனைவி விசாரித்துப் பார்க்கலாம்.

வருடத்துக்கு ஒரு முறை, முடிந்தால் அதே இடத்தில், அதே கருவியில் மறுபடி ஊதுங்கள். தேதியும் எஃப்.இ.வி.1-உம் லிட்டரில் ஒரு நோட்டில் எழுதி, கிளினிக் அட்டையோடு சேர்த்து வையுங்கள். டாக்டர் மாறினாலும் கோப்பு தொலைந்தாலும் அந்த வரிசை உங்கள் கையில் இருக்கும்.